தேர் தானாக நிற்பதில்லை

கனமான பொருள் ஓய்வையே நாடுகிறது என்றும், அதை நகர்த்துவதற்கு மட்டுமன்றி நகர்ந்துகொண்டே இருக்கச் செய்வதற்கும் ஒரு விசை இடைவிடாமல் வேண்டும் என்றும், அவ்விசை ஓய்ந்த கணமே பொருள் தன் சுபாவமான ஓய்வுக்குத் திரும்பிவிடும் என்றும், கனம் எத்தனைக்கெத்தனை மிகுதியோ அத்தனைக்கத்தனை இந்த ஓய்வு நாட்டமும் மிகுதி என்றும் கொள்ளும் அபிப்பிராயம், படித்தவர் படியாதவர் என்ற வேற்றுமையின்றி நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் நியூட்டனின் முதல் விதியை எழுத்துப் பிசகாமல் எழுதியவரும், பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்து சாலையில் கால் வைத்த மாத்திரத்தில் இந்த அபிப்பிராயத்தின்படியே நடந்துகொள்கிறார். இது தவறு, ஏட்டளவில் நின்றுவிடாமல் உயிர்ச்சேதம் வரை செல்லக்கூடிய தவறு. இதை நிரூபிக்க மேல்நாட்டுச் சோதனைச்சாலைகளுக்குப் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் ஒன்றே போதிய சாட்சி.

பூர்வபட்சத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுக்கப் புகுவது நம் தர்க்க மரபு. ஆகவே எதிர்வாதத்தை முதலில் கேட்போம். ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும் அப்பெருந்தேர், வடத்தைத் தொட்ட உடனே புறப்பட்டுவிடுவதில்லை. வடம் விறைத்து, பின்சக்கரங்களின் கீழே நெம்புதடிகள் நுழைந்து, ஆயிரக்கணக்கான தோள்கள் ஒரே மூச்சில் முயன்ற பின்புதான் அது அசைகிறது. அசைந்த பின்னும், வடம் தளர்ந்தால் சிறிது தூரத்திற்குள் நின்றுவிடுகிறது. இராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் வயலிலிருந்து மூட்டை ஏற்றி வரும் மாட்டுவண்டியைப் பாருங்கள்: காளைகள் இழுக்கும்வரை வண்டி நகர்கிறது, அவை நின்றால் வண்டியும் நிற்கிறது, பாரம் ஏற ஏற இழுப்பது கடினமாகிறது. கண்ணால் கண்ட பிரத்தியட்சம் இவ்வாறிருக்க, இயக்கத்திற்கு விசையே காரணம் என்றும், ஓய்வே பொருளின் இயல்பு என்றும் முடிவு செய்வதில் பிழை என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இக்கேள்வி அறிவற்றவர் கேள்வியன்று. இதன் பின்னால் பெரிய குலமே நிற்கிறது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இவ்வாறே கருதினார். அவருடைய வாக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது. நம் நாட்டு வைசேஷிகர், வில்லை விட்ட அம்பு பின்னர் எதனால் செல்கிறது என்று ஆராய்ந்து, முதல் உந்தலால் அதில் வேகம் என்னும் ஸம்ஸ்காரம் பதிகிறது என்றும், அது தேய்ந்தொழிந்ததும் குருத்துவத்தால் அம்பு விழுகிறது என்றும் கூறினர். அம்பைக் காற்றே பின்னிருந்து தள்ளுகிறது என்ற அரிஸ்டாட்டிலின் விளக்கத்தினும் இது நுட்பமானது. எனினும் செல்லும் பொருளைச் செலுத்த ஏதோ ஒன்று உள்ளிருந்தாவது வேண்டும் என்ற எண்ணம் இதிலும் நீங்கவில்லை. கோள்களின் பாதையைக் கண்டறிந்த கெப்ளர்கூட, சூரியனிலிருந்து ஒரு விசை ஓயாது தள்ளாவிட்டால் கோள்கள் நின்றுவிடும் என்றே நம்பினார். இத்தகைய பேரறிஞர்களின் கண்ணுக்கும் தப்பியதென்றால் இப்பிழை எளிதில் களையத் தக்கதன்று என்பதை ஒப்புக்கொண்டு, மறுப்புகளை வரிசையாக வைக்கிறேன்.

1. வடம் தளர்ந்ததும் தேர் நிற்கிறது என்பது உண்மை. வடம் தளர்ந்ததனால் நிற்கிறது என்பது பொய். ஓடும் தேரின்மீது விசை ஒன்று மட்டும் செயல்படவில்லை. முன்னே வடம் இழுக்கும்போதே, அச்சிலும் சக்கர விளிம்பிலும் தரையிலும் உராய்வு என்னும் மற்றொரு விசை பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. வடம் தளர்ந்தால் முதல் விசைதான் போகிறது; இரண்டாவது அங்கேயே நின்று, தேரின் வேகத்தை அரித்துத் தீர்க்கிறது. ஓய்வு தேரின் சுபாவத்திலேயே உள்ளதென்றால், அது எப்பாதையிலும் ஒரே அளவாக வெளிப்பட்டிருக்க வேண்டும்; ஏனெனில் ஒரு பொருளின் சுபாவம் அது செல்லும் வழியைப் பொறுத்து மாறாது. ஆனால் மண் நெகிழ்ந்த தெருவில் உடனே நின்றுவிடும் அதே சக்கரம், இறுகிய தார்ச்சாலையில் மேலும் சில அடிகள் செல்கிறது; மரச்சக்கரத்தை மாற்றி இரும்புச்சக்கரம் பூட்டி, அச்சுக்கு மசகு இட்டால் இன்னும் செல்கிறது. மாறியவை பாதையும் அச்சும். தேரின் பாரம் மாறவில்லை. எனவே நிறுத்தும் காரணம் தேரின் சுபாவத்திற்கு வெளியே இருக்கிறது.

கலிலேயோ இந்தச் சிந்தனையைத்தான் அதன் எல்லைவரை கொண்டு சென்றார். ஒரு சரிவில் உருட்டிவிட்ட குண்டு எதிர்ச் சரிவில் ஏறும்போது, தடை குறையக் குறையப் புறப்பட்ட உயரத்தையே எட்ட முனைகிறது. எதிர்ச் சரிவை மேலும் மேலும் சாய்த்துச் சமதளமாகவே ஆக்கிவிட்டால், எட்ட வேண்டிய உயரம் இல்லாத அக்குண்டு எங்கே நிற்கும்? நிற்பதற்குக் காரணமே இல்லை. 1638-ல் வெளிவந்த அவருடைய கடைசி நூல் இயக்கத்தைப் பற்றிய புதிய அறிவியலை நிறுவிற்று. 1687-ல் நியூட்டன் அதை விதியாக வகுத்தார். சீரான வேகத்திற்குக் காரணம் தேவையில்லை, வேகத்தின் மாறுதலுக்கே காரணம் தேவை என்பதே அவ்விதியின் சாரம்.

2. ஓய்வே தேரின் சுபாவமானால் முட்டுக்கட்டை எதற்கு? இந்த ஒரு வினாவுக்கு எதிர்தரப்பினர் விடை கூறட்டும். வடம் பிடிப்போர் ஆயிரவராயினும், தேரோட்டத்தின் பொறுப்பு முழுவதும் சக்கரத்தருகே கட்டையேந்தி நிற்கும் ஒரு சிலரின் கையிலேயே இருக்கிறது என்பதை ரத வீதியில் நின்று கண்டவர் அனைவரும் அறிவர். தேர் தானே நிற்கும் என்று அவர்கள் ஒருபோதும் நம்புவதில்லை. நம்பினால் அடுத்த கணம் கால் போகும், உயிரும் போகும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வாதத்தின் பொருட்டு ஒரு தேரின் நிறை 100 டன், அதாவது ஒரு லட்சம் கிலோகிராம் என்று கொள்வோம். அது மனிதன் நடக்கும் வேகத்தினும் குறைவாக, வினாடிக்கு அரை மீட்டர் வீதம் ஊர்கிறது. அப்போது அதன் இயக்க ஆற்றல் 12,500 ஜூல். அதைப் பத்து சென்டிமீட்டர் தூரத்திற்குள் நிறுத்த வேண்டுமானால் எதிர்ப்பக்கமாகச் செலுத்த வேண்டிய விசை 1,25,000 நியூட்டன். 12 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும் விசை அது. ஊர்ந்து செல்லும் தேரை நிறுத்தவே இவ்வளவு வேண்டும்! நிறை இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். கனம் மிகுந்தால் ஓய்வு நாட்டமும் மிகும் என்பது மெய்யானால், கனத்த தேர் இலேசான தேரைவிட எளிதில் நிற்க வேண்டும். நடப்பதோ நேர் விபரீதம். அசையாதிருக்கையில் அசைக்க அரிதாக்குவதும், அசைந்த பின் நிறுத்த அரிதாக்குவதும் ஒன்றே; அதுவே நிறை. அது ஓய்வின் பக்கமும் சேராது, ஓட்டத்தின் பக்கமும் சேராது. இருக்கிற நிலை மாறுவதை மட்டுமே எதிர்க்கிறது; இவ்வெதிர்ப்பையே நிலைமம் என்பர்.

இதைப் பொறியாளர்கள் நன்கு உணர்ந்திருக்கிறார்கள். அலங்கரித்து நிற்கையில் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உள்ளதாகக் கூறப்படும் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் அமைத்துத் தந்தனர். பின்னிருந்து தள்ளுவதற்குப் புல்டோசர் வந்துவிட்ட இக்காலத்திலும், தேரின் உடலோடு பிரியாமல் பிணைக்கப்பட வேண்டியதாக இருந்தது தள்ளும் கருவியன்று, நிறுத்தும் கருவியே.

3. அப்படியானால் தொடக்கத்தில் தேர் அசைய மறுப்பது ஏன் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கு நிலைமம் என்று ஒரே சொல்லில் விடை கூறும் ஆசிரியர்களும் பாதி உண்மையையே கூறுகிறார்கள். நிலையில் நிற்கும் தேரின் எடை சக்கரங்களைத் தரையில் அழுத்துகிறது. அழுந்திய இடம் சற்றே குழிகிறது. அக்குழியிலிருந்து சக்கரம் ஏறி வர வேண்டும், அச்சின் உறைந்த பிடியும் விட வேண்டும். இவை எடையின் விளைவுகள்; பூமி தேரைக் கீழ்நோக்கி ஈர்ப்பதால் வருபவை. நெம்புதடி போராடுவது பெரும்பாலும் இவற்றோடுதான். நிறையின் எதிர்ப்பு இவற்றினின்றும் வேறானது. எடையையும் நிறையையும் ஒன்றெனக் குழப்பியதே இவ்விவகாரம் முழுவதற்கும் தாய்ப்பிழை.

உராய்வு அறவே நீங்கிய ஒரு ரத வீதியைக் கற்பனை செய்துகொண்டு, நாம் மேலே கொண்ட 100 டன் தேரின்முன் ஒரே ஒரு மனிதரை நிறுத்தி, சுவரில் காலூன்றி 200 நியூட்டன் விசையோடு இழுக்கச் சொல்வோம். பொதுமக்களின் அபிப்பிராயப்படி தேர் அசையக்கூடாது. ஒரு மனிதன் எங்கே, 100 டன் எங்கே! ஆனால் அது அசையும். ஒரு நிமிஷத்தில் 3.6 மீட்டர் நகர்ந்திருக்கும். ஐந்து நிமிஷம் இழுப்பு தளராதிருந்தால் 90 மீட்டர் சென்று, வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தையும் பெற்றிருக்கும். எவ்வளவு பெரிய நிறையும் எவ்வளவு சிறிய விசையையும் அடியோடு மறுத்துவிடுவதில்லை. பலனைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. மறுப்பது உராய்வின் குணம். தாமதிப்பது நிறையின் குணம்.

இவ்விரண்டும் வேறு என்பதற்கு விண்வெளியே சான்று. அமெரிக்காவின் ஸ்கைலாப் ஆய்வு நிலையத்தில் 1973, 1974-ஆம் ஆண்டுகளில் தங்கிய வீரர்களுக்கு எடை என்பதே உணர்வில் இல்லை. தராசில் ஏறினால் முள் அசையாது. ஆயினும் அவர்களுடைய உடல் நிறை அளக்கப்பட்டது. சுருள்வில் பொருத்திய இருக்கையில் அமர்த்தி முன்னும் பின்னும் அலையவிட்டு, ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டார்கள்; நிறை மிகுந்தவர் மெதுவாக அலைந்தார். தாங்குவதற்குப் பாரமே இல்லாத இடத்திலும் மாறுதலை எதிர்க்கும் குணம் முழுமையாக இருந்தது. நம் தேரைச் சந்திரனுக்குக் கொண்டு சென்றால் எடை ஆறில் ஒன்றாகக் குறையும். ஆனால் அதே வேகத்தில் ஓடும்போது, குறுக்கே நிற்பவரை மோதித் தள்ளும் அதன் ஆற்றல் அணுவளவும் குறையாது.

4. நிலைமம் ஒரு விசையன்று. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் பேருந்தில் ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை மிதித்தால், நின்றுகொண்டிருப்பவர் ஏதோ ஒன்று தம்மை முன்னே தள்ளியதாகக் கூறுவார். தள்ளியது யார்? பின்னாலிருந்தவரா, காற்றா? ஒருவருமில்லை. பேருந்தின் வேகம் குறைந்தது. அவருடைய வேகம் குறையவில்லை. அவ்வளவே நிகழ்ந்தது. கையால் கம்பியைப் பிடித்திருந்தால் அக்கம்பிதான் அவருடைய வேகத்தைக் குறைத்திருக்கும். பிடிக்காதவருக்கு அவ்வேலையை முன்னிருக்கையோ கண்ணாடியோ செய்து முடிக்கிறது. இல்லாத ஒரு தள்ளுவிசையைக் கற்பித்துக்கொள்பவர், அதைக் கைவலிமையால் சமாளித்துவிடலாம் என்று மனப்பால் குடிக்கிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் அவர் உட்கார்ந்திருந்தாலும் நின்றிருந்தாலும், அவருடைய ஒவ்வொரு எலும்பும் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே சென்றுகொண்டிருக்கிறது என்பதே மெய்.

திசைக்கும் இதுவே நியாயம். ரத வீதியின் முனையில் தேரைத் திருப்புவது நேரே இழுப்பதினும் பெரிய வித்தையாக இருப்பதன் காரணம் என்ன? தேர் தன் நேர்க்கோட்டை விடுவதில்லை. சக்கரத்தின் கீழ்க் கட்டையைச் சாய்த்துச் செருகிச் செருகி, பக்கவாட்டில் ஒரு விசையை வரவழைத்த பிறகே அப்பெரும் நிறை வளைகிறது. வளைவில் பேருந்து திரும்பும்போது வெளிப்புறமாகத் தூக்கியெறியப்படுவதாக நாம் உணர்வதும் இதுவே: நாம் நேரே செல்கிறோம், பேருந்து திரும்புகிறது.

5. கனமான பொருள் விரைந்து விழும் என்பதும் இதே மரத்தின் கிளை. பெரிய கல்லைப் பூமி அதிக விசையோடு ஈர்க்கிறது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. ஆகவே அது முந்தி விழ வேண்டும் என்ற முடிவுதான் தவறு. பத்து மடங்கு நிறையுள்ள கல்லுக்குப் பத்து மடங்கு ஈர்ப்பு உண்டு. வேகமாறுதலை எதிர்க்கும் குணமும் பத்து மடங்கு உண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, இரு கற்களும் சமமாகவே விழுகின்றன. சந்தேகமுள்ளவர் சோழபுரத்துப் பாசனக் கிணறு ஒன்றின் விளிம்பில் நின்று, கைப்பிடியளவு கல்லையும் நெல்லிக்காயளவு கல்லையும் ஒருசேர நழுவவிட்டுச் செவிமடுக்கட்டும். நீரில் எழும் ஓசை ஒன்றாகவே கேட்கும். காற்றின் தடையில்லாத சந்திரனில், 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தின் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் விட்டபோது அவையும் ஒன்றாகவே விழுந்தன. நியூட்டன் தம் ஊசற்பெட்டிகளில் பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை என்று மாற்றி மாற்றி நிரப்பிச் சோதித்ததும் இவ்விரு குணங்களின் சமத்துவத்தைத்தான். அச்சமத்துவத்தின் மேலேயே ஐன்ஸ்டீன் தம் பொதுச் சார்பியலை எழுப்பினார்.

6. இவையெல்லாம் உராய்வற்ற கற்பனை உலகத்து வாதங்கள், நாம் வாழும் உலகில் உராய்வு உண்டே என்பது அவர்களுடைய கடைசி அரண். அந்த அரணும் நில்லாது. சந்திரயான்-3 பூமியை விட்டுச் சந்திரனை நோக்கித் திருப்பப்பட்டது 2023 ஆகஸ்ட் 1-ஆம் தேதி. சந்திரனின் சுற்றுப்பாதையை அடைந்தது 5-ஆம் தேதி. இடைப்பட்ட லட்சக்கணக்கான கிலோமீட்டர்களில் பெரும்பகுதியை அது எஞ்சின் அணைந்த நிலையிலேயே கடந்தது. அதன் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தவை பூமி, சந்திரன் இவற்றின் ஈர்ப்புகளே. சந்திரனை நெருங்கியதும் எஞ்சினை மூட்டியது எதற்காக? ஓடுவதற்கன்று, வேகத்தைத் தணிப்பதற்காக. ஆகஸ்ட் 23 அன்று அதன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கியபோது, வினாடிக்கு ஏறத்தாழ 1.68 கிலோமீட்டர் வேகத்தைக் கரைப்பதிலேயே அதன் எரிபொருள் செலவாயிற்று. அந்த விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின் சோதிக்கப்பட்டது, இராஜபாளையத்திற்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள மகேந்திரகிரியில். கற்பனை உலகம் என்று எதைத் தள்ளினார்களோ அதில் நம் நாட்டார் கலம் செலுத்திவிட்டார்கள்.

7. உராய்வுள்ள உலகிலும் இந்த அபிப்பிராயம் ஆளைக் கொல்லும். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கும் கொல்லத்திற்கும் செல்லும் நெடுஞ்சாலையில் சிமெண்டும் பஞ்சும் நூலும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பாரம் ஏறினால் வண்டி தரையைக் கவ்விப்பிடித்து நன்றாக நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. டயருக்கும் சாலைக்கும் இடையே பிடி கூடுவது மெய்தான். ஆனால் அழிக்கப்பட வேண்டிய ஆற்றலும் அதே விகிதத்தில் கூடுகிறது. அதை வெப்பமாக மாற்ற வேண்டிய பிரேக்கோ, பாரத்திற்கேற்பப் பெரிதாவதில்லை. 16 டன் நிறையுள்ள லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் அதனிடம் சுமார் 22 லட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. விதியை மீறி 24 டன்னாக்கினால் அது 33 லட்சமாகும். அதோடு வேகத்தையும் 80-க்கு ஏற்றினால் 59 லட்சமாகும். பிரேக் அதேதான், நிறுத்தும் தூரம் இரண்டரை மடங்குக்கு மேல். குறுக்கே வருபவர், இவ்வளவு பாரம் ஏற்றிய வண்டி மெதுவாகத்தானே வரும், கைகாட்டினால் நிற்கும் என்று எண்ணிக் கால் வைக்கிறார். அவரைக் கொன்றது ஓட்டுநரின் அஜாக்கிரதை மட்டுமன்று; கனம் ஓய்வையே நாடும் என்று அவருக்குள் ஊறிப்போன அபிப்பிராயமும் அதற்கு உடந்தை.

இனி, இந்த அபிப்பிராயம் பள்ளிக்கூடத்தைக் கடந்தும் எவ்வாறு சேதமின்றித் தப்பி வருகிறது என்று ஆராய வேண்டும். நம் பாடநூல் ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம் என்று மூன்றாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் தருகிறது. கற்பிக்கும் வசதிக்காகச் செய்த இப்பிரிவு, கற்பவர் மனத்தில் மூன்று தனித்தனிக் குணங்களாகப் பதிந்துவிடுகிறது. அவற்றுள் முதலாவது மட்டும் பழைய நம்பிக்கையோடு இசைந்து போவதால் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பரீட்சைக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இருப்பது ஒன்றே. ஓய்வு என்பது பூச்சிய வேகம். அதற்குத் தனி உரிமையோ தனி விதியோ கிடையாது. ஓடும் ரயிலில் உறங்குபவர் ரயிலைக் கொண்டு பார்த்தால் ஓய்ந்திருக்கிறார், தண்டவாளத்தைக் கொண்டு பார்த்தால் விரைந்துகொண்டிருக்கிறார். அவருடைய நிறை இவ்விரு பார்வைகளில் எதற்கும் பட்சபாதம் காட்டுவதில்லை. அளவிலோ திசையிலோ வேகம் மாறுவதை எதிர்ப்பது நிறை என்ற ஒரே வாக்கியத்தில் மூன்று பிரிவுகளும் அடங்கிவிடும்.

ஆகவே ஆசிரியர்களிடம் நான் கோருவது இதுதான். மேசை விரிப்பைச் சட்டென்று உருவி, அதன்மேல் வைத்த பொருள் அசையாதிருப்பதைக் காட்டும் வேடிக்கையோடு நிலைமப் பாடத்தை முடித்துவிடாதீர்கள். அது ஓய்வு நாட்டம் என்ற பிழைக்கே உரமிடுகிறது. ஆடிப்பூரத்தன்று மாணவர்களைப் பாதுகாப்பான தூரத்தில் ரத வீதியில் நிறுத்தி, வடத்தைப் பார்க்கச் சொல்வதற்கு முன் சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த விசை தேரை ஓட்டுகிறது என்று கேட்பதோடு நில்லாமல், எந்த விசை அதை நிறுத்துகிறது, எந்த விசை திருப்புகிறது, அவ்விசைகளுள் ஒன்றும் இல்லாதபோது தேர் என்ன செய்யும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு, நின்றுவிடும் என்று விடையெழுதும் மாணவர், விதியை எத்தனை அழகாக ஒப்புவித்தாலும், இயக்கவியலில் இன்னும் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் என்று எழுதி, அதன்படியே சாலையைக் கடக்கவும் பேருந்தில் கம்பியைப் பற்றவும் கற்றவருக்கே முதல் விதி கைவந்தது என்று மதிப்பெண் இடுங்கள்.